‘வால்டன்’ ஏமாற்றிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஹென்றி டேவிட் தோரோவின் ‘வால்டன்’ நூலை ஆசையாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். ஏரிக்கரை, ஒற்றை அறை வீடு, பறவைச் சத்தம், எளிய வாழ்க்கை என்று எங்கேயோ படித்திருப்பார்கள். அடுத்த மாதம் புத்தகம் திரும்பி வரும், கொண்டுவந்தவர் முகம் சுண்டிப்போயிருக்கும். நான் இரவல் கொடுக்கும் பிரதியில் இதுவரை விழுந்த பென்சில் கோடுகள் எல்லாம் முதல் நாற்பது பக்கத்துக்குள்தான். அதற்கப்புறம் தாள் புத்தம் புதுசு.

ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் வாய்மொழியிலேயே ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். இது அந்த நோட்டின் சுத்தப்பிரதி. நானும் முதல் தடவை பாதியில் மூடிவைத்த ஆள்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல்ல இது என்ன புத்தகம்? நாவலா, டைரியா?

இரண்டும் இல்லை, கட்டுரைகள். மொத்தம் 18 அத்தியாயம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்று ஒரு ஊர். அங்கே பென்சில் தயாரித்து விற்ற குடும்பத்துப் பிள்ளை தோரோ, 1817-இல் பிறந்தவர். 28 வயதை நெருங்கும்போது, 1845 ஜூலை 4 அன்று, ஊருக்கு வெளியே வால்டன் என்ற நீர்நிலைக்கு அருகில் தானே கட்டிய வீட்டில் குடியேறினார். 1847 செப்டம்பர் 6 அன்று கிளம்பிவிட்டார். இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள். புத்தகம் வந்தது 1854-இல்தான். நடுவில் பலமுறை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார்.

அவர்கள் அதைக் குளம் என்றுதான் சொல்கிறார்கள். நம் கோயில் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பரப்பு 61 ஏக்கருக்கு மேல், ஆழம் 102 அடி. நம் கணக்கில் அது ஏரி. இந்தப் பக்கத்தில் நான் ஏரி என்றே எழுதுகிறேன்.

நாற்பது பக்கம் தாண்ட முடியலை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை, பெரும்பாலோர் அங்கேதான் நிற்கிறார்கள். முதல் அத்தியாயத்தின் பெயர் ‘சிக்கனம்’. அது மட்டுமே புத்தகத்தில் ஏறக்குறைய கால் பங்கு. ஏரியைப் பார்க்க வந்தவரை வாசலிலேயே உட்காரவைத்து, துணி ஏன் இவ்வளவு வாங்குகிறாய், வீட்டுக்கு ஏன் கடன் வாங்கினாய், வேலை வேலை என்று ஏன் சாகிறாய் என்று பிடித்துக்கொள்கிறார். கல்யாண வீட்டில் மாட்டிக்கொள்ளும் தாய்மாமன் மாதிரி.

காரணம் இருக்கிறது. அங்கே போய் என்ன சாப்பிட்டாய், தனியாக இருக்க பயமாக இல்லையா, என்ன செலவானது என்று ஊர்க்காரர்கள் துளைத்தெடுத்தார்கள். அதற்குப் பதிலாக ஊர் மன்றத்தில் பேசிய பேச்சுதான் இந்த அத்தியாயத்துக்கு விதை. அதனால்தான் மேடைப் பேச்சின் அதட்டல் கடைசிவரை போகவில்லை. புத்தகத்தின் முகப்பிலேயே அவர் எச்சரித்துவிடுகிறார்: சோகப்பாட்டு பாடப்போவதில்லை, விடிகாலைச் சேவல் மாதிரி கூவப்போகிறேன், அக்கம்பக்கத்தாரை எழுப்பினால் போதும் என்கிறார். மன அமைதிக்கு என்று யாரோ பரிந்துரைத்த புத்தகத்தில் சேவல் கூவினால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

இயற்கையைப் பத்தினதுன்னு சொன்னாங்க. ஆணிக் கணக்கு, சுண்ணாம்புக் கணக்கெல்லாம் எதுக்கு?

இதற்குத்தான் நானும் முதலில் மூடிவைத்தேன். இப்போது எனக்குப் பிடித்த பக்கங்களில் அந்தக் கணக்கும் ஒன்று. பலகை 8 டாலர் மூன்றரை சென்ட். பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். கண்ணாடியோடு பழைய ஜன்னல் இரண்டு, 2 டாலர் 43 சென்ட். சுண்ணாம்பு 2 டாலர் 40 சென்ட், பக்கத்திலேயே “விலை அதிகம்” என்று ஒரு முனகல். ஆணி 3 டாலர் 90 சென்ட். சாக்கட்டி ஒரு சென்ட். வண்டிக்கூலி 1 டாலர் 40 சென்ட், “பெரும்பாலும் என் முதுகில்தான் சுமந்தேன்” என்ற குறிப்போடு. மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட்.

அந்த ஒரு சென்ட் சாக்கட்டியைக் கொஞ்சம் பாருங்கள். எளிமையாக வாழ்ந்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சாக்கட்டிக் காசு வரை ரசீது நீட்டுகிறவர் அபூர்வம். வீடு கட்டினால் கணக்கு நோட்டில் முதல் பக்கம் சுத்தமாக இருக்கும், ஐந்தாம் பக்கத்திலிருந்து “இதர செலவு” என்று வரும். கட்டியவர்களுக்குத் தெரியும்.

28 டாலர் அந்தக் காலத்துல பெரிய தொகையா இருந்திருக்குமே?

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண்களையும் அவரே கொடுக்கிறார். கேம்பிரிட்ஜ் கல்லூரியில் (இங்கிலாந்து இல்லை, பாஸ்டன் பக்கத்து ஹார்வர்ட்) ஒரு மாணவன் அறைக்குக் கட்டிய ஆண்டு வாடகை 30 டாலர். கூலியாளின் ஒரு நாள் கூலி 1 டாலர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு சாதாரண வீடு 800 டாலர் ஆகும், அதைச் சேர்க்க ஒருவன் பத்துப் பதினைந்து வருடம் உழைக்க வேண்டும் என்கிறார். அவர் கட்டியது பத்தடிக்குப் பதினைந்தடி. ஒரு மாணவனின் ஒரு வருட வாடகைக்குள் வாழ்நாள் வீடு.

நிலத்துக்கு அவர் காசு கொடுக்கவில்லை. நிலம் அவருடைய நண்பரும் மூத்த எழுத்தாளருமான எமர்சனுடையது. கணக்கில் அந்த வரி இல்லை என்று சிலர் குறுக்கிடுவார்கள். நியாயம்தான். வீட்டு விலையை மட்டும் சொல்லி மனை விலையை மறைக்கும் விளம்பரம் நமக்குப் பழக்கமானதுதானே. ஆனால் இவர் மறைக்கவில்லை. புறம்போக்கில் குடியேறியவன் மாதிரிதான் இருந்தேன், மரமும் கல்லும் மணலும் அந்த உரிமையில் எடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறார்.

காட்டுக்குள்ள தனியான்னாங்க. ரயில் சத்தம் கேக்குதே?

கேட்கும். ஃபிட்ச்பர்க் ரயில்பாதை அவர் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஏரியைத் தொட்டுக்கொண்டு போனது. ஊருக்கு அவர் நடந்து போனதே பெரும்பாலும் அந்தத் தண்டவாளக் கரை வழியாகத்தான். கான்கார்ட் ஊர் ஏறத்தாழ ஒன்றரை மைல், அரைமணி நடை. ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை வம்பு கேட்க ஊருக்குள் போவேன் என்று ‘ஊர்’ அத்தியாயத்தில் அவரே சொல்கிறார். இருபத்தைந்து முப்பது பேர் ஒரே நேரத்தில் என் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள் என்று இன்னோர் இடத்தில். பத்தடிக்குப் பதினைந்தடியில்!

ஆக, அடர்காடு, துறவி, வனவாசம் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் வரைந்த படம். நிஜக் காடு வேண்டுமென்றால் அவர் வடக்கே மேய்ன் காடுகளுக்குப் போனார். ஏரிக்கரையில் இருந்த காலத்திலேயே, 1846-இல், அங்கே கட்டாடின் மலை ஏறினார். அது வேறு புத்தகம். அதில் அவர் நடுங்கியே போகிறார்.

அம்மாதான் துணி துவைச்சுக் கொடுத்தாங்களாமே? அப்புறம் என்ன பெரிய தற்சார்பு?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியில் நடந்தன, அதற்கான பில் இன்னும் வந்துசேரவில்லை என்று முதல் அத்தியாயக் கணக்கிலேயே தோரோ எழுதியிருக்கிறார். வெளியில் சாப்பிட்டதையும் ஒத்துக்கொள்கிறார். ஆகவே ரகசியத்தைக் கண்டுபிடித்தோம் என்று யாரும் துள்ள வேண்டியதில்லை. 1865-லேயே ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவல் என்ற விமர்சகர், நிலம் இன்னொருவருடையது, கோடாலி இரவல், ஆணியும் செங்கலும் விளக்கும் கலப்பையும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன என்று அடுக்கிவிட்டார். இரவல் கோடாலிக்கு மட்டும் தோரோ பதில் வைத்திருந்தார்: வாங்கியதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்கு உறுத்துவது வேறு. பில் வரவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறாரே, அந்த இடம். சாக்கட்டிக்கு ஒரு சென்ட் எழுதியவர், வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு ஒரு தொகை போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார்: “என் வீட்டுக்காரர் சமையல் செலவு சொல்ற மாதிரியே இருக்கு.” அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

ரெண்டு வருஷம் இருந்துட்டு ஒரு வருஷம்னு எழுதினது பொய்யில்லையா?

முதல் அத்தியாயத்திலேயே இரண்டு வருடம் இரண்டு மாதம் என்று சொல்லிவிடுகிறார். பிறகு வசதிக்காக இரண்டு வருடத்தையும் ஒன்றாக்கிக்கொள்கிறேன் என்று வாசகரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். கோடையில் தொடங்கி, பனிக்காலம் கடந்து, வசந்தத்தில் முடிகிற மாதிரி கட்டியிருக்கிறார். இதில் எனக்குப் புகார் இல்லை.

சரி, எங்கேருந்துதான் ஆரம்பிக்கிறது?

பின்பாதியிலிருந்து. ‘குளிர்காலத்தில் ஏரி’ என்ற அத்தியாயத்தை முதலில் எடுங்கள். அந்த ஏரிக்கு அடியே இல்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. தோரோ 1846 தொடக்கத்தில், ஏரி உறைந்து கிடந்தபோது, பனிக்கட்டியில் துளை போட்டு, மீன் பிடிக்கும் கயிற்றில் ஒன்றரை பவுண்டு எடையுள்ள கல்லைக் கட்டி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இறக்கினார். கல் தரையில் கிடக்கும்போது அதன் அடியில் தண்ணீர் புகுந்து தாங்காது, அதனால் கிளப்பும்போது கயிறு கனக்கும், கிளம்பியதும் லேசாகிவிடும். அந்த ஒரு கணத்தைக் கையால் உணர்ந்து ஆழத்தைக் குறித்துக்கொண்டார். 102 அடி. அளந்து பார்க்கும் சிரமம்கூட எடுக்காமல் ஒரு ஏரிக்கு அடி இல்லை என்று மனிதர்கள் எவ்வளவு நாள் நம்புகிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறார். இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று அந்தக் கயிற்றைப் பிடித்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் ‘ஒலிகள்’, ‘விலங்கு அண்டைவீட்டார்’, ‘வசந்தம்’. இவை பிடித்தால் ‘பீன்ஸ் வயல்’. ‘சிக்கனம்’ கடைசியில். தலைகீழாகப் படிக்கிறீர்களே என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். தனித்தனிக் கட்டுரையாக நிற்கும் என்பதால் ஒன்றும் குடிமுழுகாது. ஆங்கிலம் கடினமாக இருக்கிறது என்பவர்கள் அடிக்குறிப்புகளோடு வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. கிரேக்கப் புராணம் முதல் உள்ளூர் வம்பு வரை எல்லாவற்றையும் விளக்கம் சொல்லாமல் போட்டுவிட்டுப் போவார்.

அந்த எறும்புச் சண்டையை எல்லாரும் சொல்றாங்களே, அதுல என்ன இருக்கு?

விறகடுக்குப் பக்கம் போனவர் சிவப்பு எறும்புக்கும் கறுப்பு எறும்புக்கும் நடக்கும் யுத்தத்தைப் பார்க்கிறார். ஒரு மரச்சிராயின் மேல் கறுப்பு ஒன்றும் சிவப்பு இரண்டும் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. அந்தச் சிராயை அப்படியே எடுத்துவந்து ஜன்னல் திட்டில் வைத்து, கண்ணாடி டம்ளரால் மூடி, உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார். முதல் சிவப்பு எறும்பு எதிரியின் முன்காலை விடாமல் கடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அதன் நெஞ்சே பிய்ந்துபோயிருக்கிறது. அரை மணி கழித்துப் பார்த்தால் கறுப்பு எறும்பு இரண்டு தலைகளையும் துண்டித்துவிட்டது. உயிர் போகாத அந்தத் தலைகள் அதன் இரண்டு பக்கமும் பற்களால் கவ்வியபடி தொங்குகின்றன. குதிரைவீரன் சேணத்தில் மாட்டிய வெற்றிச்சின்னம் மாதிரி என்கிறார். இன்னும் அரை மணி போராடி அவற்றை உதறியதும் இவர் டம்ளரைத் தூக்குகிறார், அது நொண்டிக்கொண்டே ஜன்னலைத் தாண்டிப் போகிறது.

ஹோமரின் போர்க்காவிய நடையில் இதையெல்லாம் எழுதிவிட்டு, கான்கார்டில் நடந்த சுதந்திரப் போர்ச் சண்டையைவிட இதில் வீரம் அதிகம் என்று ஊரையும் ஒரு இடி இடிக்கிறார். பரணி பாடும் தோரணையில் எறும்பைப் பாடினால் எப்படி இருக்கும், அப்படி. இயற்கை என்றால் அமைதி என்ற எதிர்பார்ப்போடு வந்தவர்களுக்கு இந்தப் பக்கம் நல்ல மருந்து.

இவருக்குச் சிரிக்கவே தெரியாதா? ஒரே உபதேசம்.

தெரியும், முகத்தை இறுக்கிக்கொண்டு சிரிப்பவர். அதனால் ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கும்போது தவறிவிடும். பீன்ஸ் வயல் கணக்கில் உழவுக்கூலி ஏழரை டாலர் என்று எழுதி, பக்கத்தில் “ரொம்ப அதிகம்” என்று போட்டிருக்கிறார். வரிசைகளை எல்லாம் நீட்டிப் போட்டால் ஏழு மைல் வரும் அளவுக்கு பீன்ஸ் போட்டு, களை கொத்திக் கொத்தி முதுகு ஒடிந்து, மிஞ்சிய லாபம் 8 டாலர் எழுபத்தொன்றரை சென்ட். நம்மூர் விவசாயி யாரும் இதைப் படித்தால் சிரிப்பார் என்றே நினைக்கிறேன், கொஞ்சம் கசப்போடு.

ஏழைகளைப் பத்தி இவ்வளவு இளக்காரமா எழுதியிருக்காரே?

இது சரியான குற்றச்சாட்டு. இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

‘பேக்கர் பண்ணை’ அத்தியாயத்தில் மழைக்கு ஒரு குடிசையில் ஒதுங்குகிறார். உள்ளே ஜான் ஃபீல்ட் என்ற ஐரிஷ் கூலியாள், மனைவி, பிள்ளைகள். கூரை ஒழுகுகிறது, கோழிகள் அறைக்குள் நடமாடுகின்றன. ஃபீல்ட் ஒரு பண்ணையாருக்குச் சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் கொத்திக் கொடுக்கிறார், ஏக்கருக்கு 10 டாலர். இவரோ ஒழுகாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, டீ, காபி, வெண்ணெய், பால், இறைச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டால் இவ்வளவு உழைக்க வேண்டியதில்லையே என்று புத்தி சொல்கிறார். ஃபீல்ட் பெருமூச்சு விடுகிறார், மனைவி இடுப்பில் கைவைத்து முறைக்கிறார். அந்த அம்மா முறைத்ததை எழுதிவைத்ததற்காக மட்டும் தோரோவுக்கு ஒரு மதிப்பெண் தரலாம்.

1845-இல்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் தொடங்கியது. கப்பல் கப்பலாக ஐரிஷ்காரர்கள் வந்து இறங்கிய காலம் அது. படித்த, பிள்ளைகுட்டி இல்லாத, தேவைப்பட்டால் அரைமணி நடையில் அப்பா வீட்டுக்குப் போய்விடக்கூடிய ஒருவர், பஞ்சம் பிழைக்க வந்தவரிடம் வெண்ணெயை விடு என்கிறார். வறுமையை விரும்பி எடுத்துக்கொள்வதற்கும் அது தலையில் வந்து விழுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பக்கத்தில் அவருக்குப் புரியவே இல்லை.

ஜேம்ஸ் காலின்ஸ் கதையும் இதே ரகம். ரயில்பாதையில் வேலை செய்த அந்த ஐரிஷ்காரரின் குடிசையைப் பலகைக்காக நாலே கால் டாலருக்கு வாங்குகிறார். மறுநாள் விடிகாலையில் குடும்பம் ஒரே மூட்டையோடு போவதைப் பார்க்கிறார்: படுக்கை, காபி அரைக்கும் மில், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள். பூனை மட்டும் கூட வரவில்லை. அது காட்டுக்குள் போய்க் காட்டுப்பூனையாகி, பொறியில் மாட்டி, செத்த பூனை ஆனது என்று ஒரே வரியில் முடிக்கிறார். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது, பிரித்த வீட்டின் பலகையில்தானே இவர் வீடு கட்டினார் என்பது நினைவுக்கு வந்தது. அந்த 8 டாலர் மூன்றரை சென்ட் வரிக்குள் ஒரு குடும்பத்தின் சுவர் இருக்கிறது.

நேர்மைக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘முன்பு வாழ்ந்தவர்கள்’ அத்தியாயத்தில், அதே காட்டோரம் வாழ்ந்து மறைந்த முன்னாள் அடிமைகளை, கேட்டோ, ஸில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமன் என்று பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். ஊர் மறந்துவிட்ட பெயர்கள் அவை. அடிமைமுறையை எதிர்ப்பதில் தோரோ கடைசிவரை உறுதியாக இருந்தார். ஒருவரே இரண்டு மாதிரியும் இருந்திருக்கிறார்.

காட்டையே கொளுத்தினவர்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. 1844-இல், ஏரிக்கரைக்குக் குடிபோவதற்கு ஒரு வருடம் முன்பு, நண்பரோடு மீன் பிடித்து, பட்டமரத்தின் அடிக்கட்டையில் அடுப்பு மூட்டிச் சமைக்கப் போக, தீ காய்ந்த புல்லில் பரவி 300 ஏக்கர் காடு எரிந்தது. ஊரில் ரொம்ப காலம் அதைச் சொல்லிக்காட்டினார்கள். ‘வால்டன்’ நூலில் இந்தச் சம்பவம் இல்லை. தன் நாட்குறிப்பில் பிற்பாடு எழுதினார், அதிலும் வருத்தம் கொஞ்சம்தான். எனக்கு அவர்மேல் உள்ள கோபங்களில் இதற்கு ஜான் ஃபீல்டுக்கு அடுத்த இடம்.

அவ்வளவு நல்லா இருந்ததுன்னா ஏன் ரெண்டே வருஷத்துல கிளம்பி வந்தார்?

எந்தக் காரணத்துக்குப் போனேனோ அதே அளவு நல்ல காரணத்துக்காகத் திரும்பினேன், வாழ வேண்டிய வேறு வாழ்க்கைகள் இருந்தன என்கிறார் முடிவுரையில். நடைமுறைக் காரணமும் உண்டு. எமர்சன் சொற்பொழிவாற்ற ஐரோப்பா கிளம்பினார், அவர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. தோரோ அங்கே போனார்.

எதற்காகப் போனார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய அண்ணன் ஜான் 1842-இல் சவரக்கத்தி கீறி, அது ரணஜன்னியாகி இறந்துபோனார். இருவரும் 1839-இல் சேர்ந்து செய்த படகுப் பயணத்தைப் புத்தகமாக எழுத வேண்டும் என்பது தோரோவின் ஆசை. ஏரிக்கரையில் உட்கார்ந்து எழுதியது அதைத்தான். ‘வால்டன்’ நூலில் அண்ணனின் சாவு பற்றிப் பேச்சே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வீட்டில் மூன்று நாற்காலிகள் பற்றி வரும் பத்தியை நான் வேறு மாதிரி படிக்கிறேன்: தனிமைக்கு ஒன்று, நட்புக்கு இரண்டு, ஊருக்கு மூன்று.

மெட்ராஸ் பேர் வருதாமே, நிஜமா?

நிஜம். மேலே முதலில் படிக்கச் சொன்ன அதே குளிர்கால அத்தியாயத்தில்தான். 1846-47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர்கள் வந்து வால்டன் ஏரியின் பனிக்கட்டியை அறுத்து அடுக்கினார்கள். தண்ணீரில் வழுக்கி விழுந்தவர்கள் இவர் வீட்டு அடுப்பில் குளிர்காய்ந்தார்கள். சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மெட்ராஸ், பம்பாய், கல்கத்தாவில் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றில் குடிக்கிறார்கள் என்று எழுதினார். காலையில் பகவத்கீதையில் அறிவைக் குளிப்பாட்டுகிறேன், என் ஏரித் தண்ணீர் கங்கையோடு கலக்கிறது என்று அந்தப் பத்தி விரியும்.

வெறும் கற்பனை இல்லை. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் ஐஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். அதைச் சேமிக்க 1842-இல் சென்னையில் கட்டியதுதான் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்னும் அந்தப் பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வருடம் வால்டனில் குவித்த பத்தாயிரம் டன் மலையில் கொஞ்சம்தான் போனது. மிச்சம் அங்கேயே வெயிலில் கிடந்து, 1848 செப்டம்பர் வரை உருகி, ஏரிக்கே திரும்பியது என்றும் எழுதியிருக்கிறார்.

காந்தி படிச்ச புத்தகம் இதுதானே?

காந்தியோடு முக்கியமாகச் சேர்த்துப் பேசப்படுவது அவருடைய இன்னொரு எழுத்து, அரசை எதிர்த்து ஒத்துழையாமை பற்றிய 1849 கட்டுரை. ஏரிக்கரையில் இருந்தபோது, 1846 ஜூலையில், தலைவரி கட்ட மறுத்து ஒரு ராத்திரி சிறையில் இருந்தார் தோரோ. யாரோ வரியைக் கட்டிவிட மறுநாள் வெளியே வந்தார். அதிலிருந்து பிறந்த கட்டுரை அது. தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி 1907-இல் தன் ‘இந்தியன் ஒப்பினியன்’ இதழில் அதன் பகுதிகளை வெளியிட்டார். ‘வால்டன்’ நூலில் சிறை விவகாரம் சில வரிகள்தான்.

வேலையை விட்டுட்டு ஊர்ப்பக்கம் போலாம்னு இருக்கேன். இதை வழிகாட்டியா வச்சுக்கலாமா?

வேண்டாம். தோரோவே வேண்டாம் என்கிறார், என் வாழ்க்கைமுறையை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை, அவரவர் வழியை அவரவர் தேடட்டும் என்று. தவிர, மேலே சொன்ன பீன்ஸ் லாபத்தையும், பில் வராத துணியையும், மனை விலை இல்லாத வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். வருடத்துக்கு ஆறு வாரம் உழைத்தால் பிழைப்பு ஓடும் என்று அவர் போட்ட கணக்கு, தனியாளுக்கான கணக்கு. பள்ளிக்கட்டணமும் மாமனார் மருந்துச் செலவும் உள்ளவர்கள் வேறு கணக்குதான் போட வேண்டும்.

அவரிடமிருந்து எடுக்க ஏதாவது உண்டென்றால் கேள்வி கேட்கும் முறையைச் சொல்வேன். ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நான் கொடுக்கும் வாழ்நாள் எவ்வளவு என்று கணக்கிடுகிறார். போன வருடம் புதுப் போன் வாங்கப் போய் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு வேலைநாள் வந்தது. வாங்கிவிட்டேன், அது வேறு விஷயம்.

முழுசாப் படிச்சேன். இப்பவும் பிடிக்கலை. எனக்குத்தான் ரசனை இல்லையா?

ரசனைக்கு ஒன்றும் குறையில்லை. ‘டிரெஷர் ஐலண்ட்’ எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனுக்கே ஒத்துக்கொள்ளவில்லை, அவர் தோரோவை வாழ்க்கையிலிருந்து ஒளிந்துகொண்டவர் என்றார். ஆசிரியர் மேல் எரிச்சலோடு படித்து முடிப்பதும் படிப்புதான். ஜான் ஃபீல்ட் பக்கத்தில் யாருக்குமே கோபம் வரவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

இன்னும் குற்ற உணர்வு இருந்தால் ஒரு கதை. ஏரிக்கரையில் எழுதிய அந்தப் படகுப் பயண நூல் 1849-இல் ஆயிரம் பிரதி அச்சானது. விற்கவில்லை. நான்கு வருடம் கழித்துப் பதிப்பாளர் மிச்சம் 706 பிரதிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். தோரோ அவற்றை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றி அடுக்கிவிட்டு, அன்று நாட்குறிப்பில் எழுதினார்: இப்போது என் நூலகத்தில் கிட்டத்தட்ட 900 புத்தகங்கள், அவற்றில் 700-க்கு மேல் நானே எழுதியவை.